புளியமரத்து நம்பரும் நகராட்சித் துணைவிதியும்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் ரோட்டிலோ அரூர் ரோட்டிலோ பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். சாலையோரப் புளிய மரங்களின் அடியில் பட்டையாகப் பெயிண்ட் அடித்து, அதன் மேல் ஒரு நம்பர் எழுதியிருக்கும். சின்ன வயதில் அது எதற்கென்று எனக்குத் தெரியாது, வீட்டுக்குக் கதவு நம்பர் மாதிரி மரத்துக்கும் ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அப்புறம்தான் தெரிந்தது, அது ஏலத்துக்காக. புளியம்பழ மகசூலை ஏலம் விடும்போது எந்த மரத்திலிருந்து எந்த மரம் வரை யாருக்கு என்று தகராறு வரக்கூடாது இல்லையா, அதற்குத்தான் நம்பர். ஏலம் எடுத்தவர் மாசி, பங்குனியில் ஆட்களோடு வந்து உலுக்கி மூட்டை கட்டிக்கொண்டு போவார்.

மரப் பாதுகாப்புச் சட்டம் என்றதும் "அதெல்லாம் நம்ம ஊர்ல நடக்கிற காரியமா" என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த நம்பர் கதையைத்தான். மரத்தை எண்ணுவது, நம்பர் போடுவது, ரெஜிஸ்டரில் ஏற்றுவது எல்லாம் நம் அரசு அலுவலகங்களுக்குப் பழகிப்போன வேலை. பழத்தில் காசு வந்தது, அதனால் செய்தார்கள். அதே வேலையைப் பழத்துக்காக இல்லாமல் மரத்துக்காகவே செய்து, அந்த ரெஜிஸ்டரில் பெயர் ஏறிய மரத்தை யாரும் கேட்காமல் தொடக்கூடாது என்று ஊர் மன்றமே ஒரு விதி போட்டால், அதுதான் உலகம் முழுக்கப் பல நகரங்களில் இருக்கிற பாரம்பரிய மரப் பாதுகாப்பு விதி. விஷயம் அவ்வளவுதான். ஆனால் அந்த "அவ்வளவுதான்" என்பதற்குள் நிறையச் சங்கதி இருக்கிறது.

முதலில் சொல் குழப்பம். இணையத்தில் இதைத் தேடினால் 'ஆர்டினன்ஸ்' என்றே எங்கும் வரும். நம்மூரில் ஆர்டினன்ஸ் என்றால் அவசரச் சட்டம், சட்டமன்றம் கூடாத நேரத்தில் ஆளுநர் கையெழுத்தோடு வருவது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக வந்ததே, அது மாதிரி. அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு, அங்கே ஒரு நகர மன்றம் தன் எல்லைக்குள் மட்டும் செல்லும்படி போடுகிற சாதாரணச் சட்டத்துக்கு அந்தப் பெயர். நம் கணக்கில் அதற்கு நெருக்கமானது நகராட்சியோ மாநகராட்சியோ இயற்றுகிற துணைவிதி, பேச்சில் பைலா. இதையும் மன்றத் தீர்மானத்தையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். "மரங்களைக் காப்போம்" என்று கவுன்சிலில் ஒரு தீர்மானம் போட்டு எல்லாரும் மேசையைத் தட்டிவிட்டுப் போகலாம், மறுநாள் ஒருவர் மரத்தை வெட்டினால் அந்தத் தீர்மானத்தை வைத்து அவருக்கு ஒரு ரூபாய் அபராதம் போட முடியாது. துணைவிதி வேறு ரகம். மன்றம் நிறைவேற்றி, மாநில அரசின் ஒப்புதல் வாங்கி, முறைப்படி வெளியிட்ட பிறகு ஊரில் இருக்கிற எல்லாரையும் அது கட்டுப்படுத்தும்.

நகராட்சிக்கு மரத்தில் என்ன அதிகாரம், அது வனத்துறை வேலை இல்லையா என்று கேட்கலாம். 1992-ல் வந்த 74-வது அரசியலமைப்புத் திருத்தம் பன்னிரண்டாவது அட்டவணை என்று ஒன்றைச் சேர்த்தது. நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று அதில் 18 வேலைகள் இருக்கின்றன, அதில் நகர்ப்புறக் காடு வளர்ப்பும் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் ஒன்று. தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் ரொம்ப நாள் தூங்கிக் கிடந்து 2023-ல்தான் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் நகராட்சி, ஓசூர் 2019-லிருந்து மாநகராட்சி, மூன்றும் இந்தச் சட்டத்துக்குள்தான் வருகின்றன. ஆக, யார் செய்வது என்ற கேள்விக்குப் பதில் காகிதத்திலேயே இருக்கிறது.

எந்த மரம் பாரம்பரிய மரம்?

எந்த ஊரில் இந்த விதியை எழுத உட்கார்ந்தாலும் முதல் சண்டை இங்கேதான் வரும். மகாராஷ்டிரா தன்னுடைய 1975-ஆம் ஆண்டு நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டத்தை 2021-ல் திருத்தி, 50 வயதும் அதற்கு மேலும் ஆன மரம் பாரம்பரிய மரம் என்று வைத்தது. கேட்க நன்றாக இருக்கிறது, வயதை எப்படி நிரூபிப்பது? மரத்தை அறுத்தால் வளையம் தெரியும், எண்ணிவிடலாம் என்று பள்ளியில் படித்தோம். அது குளிர்நாட்டு மரங்களுக்கு ஒத்துவரும், நம் ஊரில் தேக்கு மாதிரி சிலவற்றுக்கும் ஒத்துவரும். வெயில் நாட்டு மரங்கள் பலவற்றில் வருஷ வளையம் அவ்வளவு தெளிவாக விழாது. அப்படியே விழுந்தாலும் வயதைத் தெரிந்துகொள்ள மரத்தை அறுக்க வேண்டும் என்றால் என்ன பிரயோஜனம். எங்கள் பாட்டி கல்யாணமாகி வந்தபோதே இந்த மரம் இவ்வளவு பெரிசு என்று சொல்லலாம், அதைக் கோர்ட்டில் எடுத்துக்கொள்வார்களா என்பது சந்தேகம்.

அதனால்தான் அளவு என்ற வழி. டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரம் 2010-ல் போட்ட விதியில், ஓக், பீக்கன் போன்ற குறிப்பிட்ட சில வகை மரங்களின் தண்டு 24 அங்குல விட்டத்துக்குக் குறையாமல் இருந்தால் அது பாரம்பரிய மரம். அளக்க வேண்டிய இடம் தரையிலிருந்து நாலரை அடி உயரம், கிட்டத்தட்ட நம் நெஞ்சு மட்டம். விட்டத்தை நேராக அளக்க முடியாது, சுற்றளவை அளந்து 3.14-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். 24 அங்குல விட்டம் என்றால் சுற்றளவு ஆறேகால் அடி வரும். இதில் வாதாட ஒன்றுமில்லை, டேப் பிடிக்கத் தெரிந்த யாரும் அளக்கலாம், இன்று நான் அளந்தாலும் நாளை அதிகாரி அளந்தாலும் ஒரே கணக்குதான்.

நானும் ஒன்றை அளந்து பார்த்தேன். எங்கள் பகுதியில் ஒரு மாரியம்மன் கோயிலுக்கு எதிரில் அரச மரம், அடியில் திண்டு, பக்கத்தில் டீக்கடை. டெய்லர் டேப் ஒன்று 150 சென்டிமீட்டர்தான், மரத்தைப் பாதிகூடச் சுற்றவில்லை. டீக்கடை அண்ணன் ஒரு சணல் கயிறு கொடுத்தார், அதைச் சுற்றி முடிச்சுப் போட்டு, கழற்றித் தரையில் நீட்டி, டேப்பால் அளந்தால் 4 மீட்டர் 10 சென்டிமீட்டர். விட்டம் 130 சென்டிமீட்டர், அதாவது 51 அங்குலம். ஆஸ்டின் கணக்குக்கு இரண்டு மடங்கு தாண்டிவிட்டது (அந்த நகரத்தின் பட்டியலில் அரச மரம் இருக்காது என்பது வேறு விஷயம்). நான் அளந்துகொண்டிருந்தபோது அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "வெட்டப் போறாங்களா?" மரத்தை ஒருவன் அளக்கிறான் என்றாலே அது வெட்டுவதற்குத்தான் என்று ஊருக்குப் பழகிப்போயிருக்கிறது.

சுற்றளவை மட்டும் நம்பினாலும் ஆபத்து. அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியின் கதை நம் தகடூர்க் கதை (தகடூர் என்பது தருமபுரியின் பழைய பெயர்), ஆனால் நெல்லி மரம் எவ்வளவு வயதானாலும் அரசு, ஆல் மாதிரி பருக்காது, ஆறடிச் சுற்றளவு என்று கோடு கிழித்தால் நெல்லி பட்டியலுக்குள் நுழையவே முடியாது. பனையோ இன்னும் மோசம், அது வயதாக ஆக உயருமே தவிர பருமனாகாது, அந்த வகைத் தாவரத்தின் அமைப்பே அப்படி. ஆலமரத்துக்கு வேறு சிக்கல், எது தண்டு எது விழுது என்றே பிரிக்க முடியாது. பெங்களூரு கெங்கேரிப் பக்கம் இருக்கிற தொட்ட ஆலமரத்தின் மூலத் தண்டு நோய் வந்து போய்விட்டது, விழுதுகளாலேயே அந்த மரம் ஏக்கர் கணக்கில் பரந்து நிற்கிறது. தண்டைத்தான் அளப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால் அங்கே அளக்க ஒன்றுமே இல்லை.

ஆகவே ஒழுங்காக எழுதிய விதி, வகைக்கு ஓர் அளவு வைத்துவிட்டு, கூடவே இன்னொரு கதவையும் திறந்து வைக்கும். அளவில் சிறியதாக இருந்தாலும் தல விருட்சம், ஊர் கூடுகிற மரம், அந்தப் பக்கத்தில் வேறெங்கும் இல்லாத அரிய மரம் என்றால் மனு கொடுத்துப் பட்டியலில் சேர்க்கலாம் என்று. நம் பக்கம் மஞ்சள் துணி சுற்றி வேல் நட்டுவிட்ட மரத்தில் யாரும் கத்தி வைக்க மாட்டார்கள், முனியப்பன் பார்த்துக்கொள்வார். அது ஒருவகைப் பழைய துணைவிதி என்றுதான் நான் சொல்வேன். நான்கு வழிச்சாலை வந்த பிறகு முனியப்பனுக்கே பூஜை போட்டுப் பத்தடி தள்ளி உட்கார வைத்துவிட்டு மரத்தை எடுக்கப் பழகிவிட்டார்கள், அதனால் அதை மட்டும் நம்பி இருக்க முடிவதில்லை.

வெட்டாதே அல்ல, கேட்டுவிட்டு வெட்டு

பெரும்பாலானவர்கள் இந்த விதியைப் பற்றித் தப்பாகப் புரிந்துகொள்வது இங்கேதான். மரத்தை எந்தக் காலத்திலும் வெட்டவே கூடாது என்று எந்த ஊர்ச் சட்டமும் சொல்வதில்லை. எழுத்தில் கேள், காரணம் சொல், ஊருக்குத் தெரியப்படுத்து, கொஞ்ச நாள் பொறு என்றுதான் சொல்கிறது. இதில் எது முக்கியம் என்று என்னைக் கேட்டால் அந்தக் கடைசி நிபந்தனையைச் சொல்வேன்.

எங்கள் தெரு முனையில் ஒரு வேம்பு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அஞ்சரை மணிக்கு மெஷின் ரம்பச் சத்தம் கேட்டது. தெருக்காரர்கள் பல் துலக்கிவிட்டு வந்து சேர்வதற்குள் கிளை எல்லாம் கீழே. ஒன்பது மணிக்கு லோடு ஏறிவிட்டது, பத்து மணிக்கு மரத்தூளைக்கூடக் கூட்டி அள்ளிவிட்டார்கள். திங்கட்கிழமை ஓர் அலுவலகத்தில் கேட்டால் எங்களுக்குத் தெரியாது என்றார்கள், இன்னொன்றில் அது எங்கள் எல்லை இல்லை என்றார்கள். ஏன் ஞாயிறு என்று யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு அதிகாரி இருக்க மாட்டார், கோர்ட் இருக்காது, போன் எடுக்க ஆள் இருக்காது. மரம் வெட்டுகிறவர்களின் பலமே வேகம்தான். எண்பது வருஷம் நின்ற மரத்தைச் சாய்க்க மூன்றரை மணி நேரம் போதும்.

துணைவிதி அந்த வேகத்தின் மீதுதான் கை வைக்கிறது. மகாராஷ்டிரா சட்டத்தில் ஒவ்வொரு நகராட்சிக்கும் மர ஆணையம் என்று ஓர் அமைப்பு உண்டு. விண்ணப்பம் வந்தால் நாளிதழில் விளம்பரம் கொடுத்து, அந்த மரத்தின் மேலேயே எல்லார் கண்ணிலும் படும்படி நோட்டீஸ் ஒட்டி, ஆட்சேபணை கேட்க வேண்டும். அனுமதி கொடுத்த பிறகும் பதினைந்து நாள் கழித்துத்தான் ரம்பம் வைக்கலாம். டீக்கடைக்கு வருகிறவர் மரத்தில் ஒட்டிய தாளைப் படிப்பார், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார், யாராவது ஒருவர் மனு எழுதுவார். மனு நிராகரிக்கப்படலாம், மரம் போகலாம். ஆனாலும் ஞாயிறு காலை அஞ்சரை மணிக்கு யாருக்கும் தெரியாமல் போகாது.

இங்கிலாந்தில் இன்னும் ஒரு படி மேலே. அங்கே உள்ளூர்க் கவுன்சில் ஒரே ஒரு மரத்துக்குக்கூடப் பாதுகாப்பு ஆணை போடலாம். மரம் ஆபத்தில் இருக்கிறது என்று தெரிந்தால், ஆட்சேபணைகளைக் கேட்டு முடிவு செய்வதற்கு முன்பே, ஆறு மாதத்துக்குத் தற்காலிகமாக அந்த ஆணை உடனே அமலுக்கு வந்துவிடும். முதலில் நிறுத்து, அப்புறம் பேசலாம் என்ற கணக்கு. எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு இது.

வெட்டுவது என்றால் என்ன என்பதையும் விதி சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால், நான் வெட்டவில்லையே, அதுவாகப் பட்டுப்போனது என்பார்கள். அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையை உரித்துவிட்டால் மரம் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்துவிடும், ஏனென்றால் இலையில் தயாராகிற உணவு அந்தப் பட்டையின் உள்பக்கம் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. ஆசிட் ஊற்றுகிறவர்கள் உண்டு. தினமும் கடைக் குப்பையை வேர்மேல் போட்டுக் கொளுத்துகிறவர்கள் உண்டு, அவர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் மரத்தைக் கொல்கிறோம் என்பதே தெரியாது. நடைபாதை போடுகிறேன் என்று தண்டை ஒட்டி சிமென்ட் பூசி இறுக்கிவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. டெல்லியில் இதற்காகவே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கிற சிமென்ட்டை எல்லாம் பெயர்த்தெடுக்கச் சொன்னது.

வேரைப் பற்றி நாம் நினைத்துக்கொண்டிருப்பதும் பெரும்பாலும் தப்பு. மரம் மேலே எவ்வளவு உயரமோ கீழேயும் வேர் அவ்வளவு ஆழம் என்று நினைக்கிறோம். மரத்துக்குத் தண்ணீரும் காற்றும் உறிஞ்சித் தருகிற வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் இரண்டு மூன்று அடிக்குள்தான், பக்கவாட்டில் வெகுதூரம் பரவிக் கிடக்கும். அமெரிக்க நகரங்களில் இதற்கு ஒரு சுலபமான கணக்கு வைத்திருக்கிறார்கள், தண்டின் விட்டம் எத்தனை அங்குலமோ தண்டிலிருந்து அத்தனை அடி தூரம் வரை வேர்ப்பகுதி, அதற்குள் தோண்டுவதற்கு முன் கேட்க வேண்டும். நான் அளந்த அரச மரத்துக்கு அப்படிப் பார்த்தால் நாலா பக்கமும் 51 அடி வருகிறது. கோயில், டீக்கடை, சாக்கடை, பாதி ரோடு எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். நம் ஊரில் அவ்வளவு இடம் விட முடியாதுதான். ஆனால் பாதாளச் சாக்கடைக்கு ஜேசிபி வைத்துத் தண்டிலிருந்து நாலடியில் பள்ளம் எடுக்கும்போது, கையால் தோண்டுங்கள், தடித்த வேரை விட்டுக் குழாயை அடியில் நுழையுங்கள் என்று சொல்ல ஒரு விதி இருக்கலாம் இல்லையா. வேரில் ஒரு பக்கம் முழுக்க அறுபட்ட மரம் உடனே விழாது. இரண்டு மூன்று வருஷம் கழித்து ஆடிக்காற்றில் விழும், அப்போது பழி காற்றின் மேல் போகும்.

ஒன்றுக்குப் பத்து, மற்ற கணக்குகள்

வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பதிலுக்கு என்ன? ஒரு மரத்துக்குப் பத்து கன்று என்று வழக்கமாகச் சொல்வார்கள். நட்ட அன்று போட்டோ எடுப்பார்கள், அடுத்த சித்திரையில் கூண்டு மட்டும் நிற்கும், கொஞ்ச நாளில் கூண்டையும் யாராவது கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். மகாராஷ்டிராவின் 2021 திருத்தத்தில் இதற்கு ஒரு நல்ல யோசனை இருக்கிறது, வெட்டுகிற மரத்துக்கு எத்தனை வயதோ அத்தனை கன்று நட வேண்டும். 90 வயது மரத்துக்கு 90 கன்று, அதுவும் ஆறடிக்குக் குறையாத கன்று. வயதான மரத்தைத் தொட்டால் செலவு அதிகம் என்று ஆகிவிடுகிறது, கான்ட்ராக்டரே சாலையைக் கொஞ்சம் வளைக்க முடியுமா என்று யோசிப்பார்.

பணமாகவே சொல்லுங்கள் என்று உச்ச நீதிமன்றம் ஒருமுறை கேட்டது. மேற்கு வங்கத்தில் ஜெசோர் சாலையில் ரயில்வே மேம்பாலங்களுக்காகப் பழைய மரங்களை வெட்டுவது பற்றிய வழக்கு. நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு 2021-ல், ஒரு மரத்தின் மதிப்பு ஆண்டுக்கு 74,500 ரூபாய், அதை மரத்தின் வயதால் பெருக்கிக்கொள்ளுங்கள் என்றது. நூறு வயதைத் தாண்டிய பாரம்பரிய மரம் என்றால் ஒரு கோடிக்கும் மேலே போகலாம் என்றும் சொன்னது. பத்திரிகைகளில் பெரிதாக வந்தது, நானும் பலருக்கு அனுப்பினேன். ஆனால் 2023-ல் அதே சாலையில் 300-க்கும் மேற்பட்ட மரங்களை வெட்ட அனுமதி கிடைத்துவிட்டது. மதிப்பு போடுவது வேறு, காப்பது வேறு என்று அன்றைக்குப் புரிந்தது.

அபராதமும் இப்படித்தான். டெல்லியின் 1994 மரப் பாதுகாப்புச் சட்டத்தில் ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். சிறைக்கு எத்தனை பேர் போவார்கள், ஆயிரம் ரூபாய் மர வியாபாரிக்கு டீச்செலவு. இதற்கு நேர்மாறாக 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தாஜ்மகாலைச் சுற்றிய பாதுகாக்கப்பட்ட பகுதியில் அனுமதியில்லாமல் வெட்டிய 454 மரங்களுக்கு மரத்துக்கு ஒரு லட்சம் வீதம் அபராதம் போட்டதை ஏற்றது. துணைவிதியில் தொகையைப் பிடிவாதமாக ஓர் எண்ணாக எழுதிவிட்டால் பத்து வருஷத்தில் அது சில்லறையாகிவிடும். விறகாகவோ பலகையாகவோ அந்த மரம் என்ன விலை போகுமோ அதற்கு இத்தனை மடங்கு என்று எழுதுவதுதான் புத்திசாலித்தனம்.

என் நிலத்து மரம், உனக்கென்ன?

நியாயமான கேள்வி. இதைக் கேட்கிறவர்களை மர விரோதி என்று ஒதுக்கினால் விதி வரவே வராது, வருவதற்கு முன்பே அவசரமாக வெட்டிவிடுவார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கூழ் ஆலைக்குப் போகிற பெங்களூரா ரகம் விலை விழுந்துவிட்டால், பழம் பறிக்கிற கூலிகூட மிஞ்சாது, மரத்தை எடுத்துவிட்டு வேறு பயிர் வைக்கலாமா என்று அவர் யோசிப்பார். அந்த மாமரம் நாற்பது வயது, ஆறடிச் சுற்றளவு, அதனால் அனுமதி வாங்கு என்றால் அவர் சும்மா இருப்பாரா? தோப்பு மரம் அவருக்குப் பயிர். மா, தென்னைத் தோப்பு, தைல மரம், சீமைக் கருவேலம் இதையெல்லாம் வெளியே விட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. இந்த விதி ஊருக்குள், தெருவோரம், குளக்கரை, பள்ளிக்கூட மைதானம், பழைய வீட்டு முற்றம் இங்கெல்லாம் தனியாக நிற்கிற கிழ மரங்களுக்கு.

பட்டா நிலத்து மரத்துக்கு அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரத்தின் வழி எனக்குச் சரியாகப் படுகிறது. 1993-லிருந்து அங்கே பாரம்பரிய மரப் பட்டியல் இருக்கிறது. தனியார் நிலத்து மரத்தை உரிமையாளர் சம்மதம் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள், ஆனால் அவர் ஒருமுறை சம்மதித்துவிட்டால் அது நிலப் பத்திரத்தோடு ஒட்டிக்கொள்ளும், நாளைக்கு வீட்டை வாங்குகிறவரும் கட்டுப்பட வேண்டும். தாத்தா நட்ட மரத்தைப் பேரன் விற்றுவிடுவான் என்று கவலைப்படுகிற தாத்தாக்களுக்கு இது பெரிய நிம்மதி. பதிலுக்கு நகராட்சியும் ஏதாவது தர வேண்டும், சொத்துவரியில் கொஞ்சம் சலுகை, காய்ந்த கிளையைக் கழிக்கிற செலவு, அந்த மாதிரி. சிங்கப்பூரில் 2001-லிருந்து இருக்கிற பாரம்பரிய மரத் திட்டத்தில் மரத்துக்குப் பெயர்ப்பலகை வைப்பதோடு, இடிதாங்கியும் பொருத்திக் கொடுக்கிறார்கள். மரத்துக்கு இடிதாங்கி என்று கேட்டு முதலில் நான் சிரித்தேன், அப்புறம் இடி விழுந்து கருகி நிற்கிற நம் ஊர்ப் பனைகள் ஞாபகம் வந்தன.

ஆபத்தான மரம் என்ற வாதத்தையும் தள்ள முடியாது. உள்ளே பொந்து விழுந்த மரம் பள்ளிக்கூடச் சுவர் மேல் சாய்ந்து நின்றால் விதியைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. அவசரம் என்றால் உடனே எடுக்கலாம், ஆனால் எடுப்பதற்கு முன் போட்டோவும், மரம் தெரிந்த ஓர் அதிகாரியின் எழுத்துச் சான்றும் வேண்டும் என்று வைத்தால் போதும். 'ஆபத்தான மரம்' என்ற காரணத்தில்தான் நல்ல மரங்களில் பாதி போகிறது என்பதால் அந்தச் சான்று முக்கியம்.

இப்போது நம்மிடம் என்ன இருக்கிறது?

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி டோல்கேட்டைத் தாண்டினால் கர்நாடகா. அங்கே 1976-லிருந்து மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, விலக்கு கொடுத்த வகைகள் தவிர மற்றதை வெட்ட, சொந்த வீட்டு மரமாக இருந்தாலும், மர அதிகாரியிடம் அனுமதி கேட்க வேண்டும். இந்தப் பக்கம், 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளுக்கு மட்டும்தான், சமவெளி நகரங்களுக்கு அது பொருந்தாது. சந்தன மரத்துக்குத் தனிக் கட்டுப்பாடு. பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதே ஆண்டு மாவட்டப் பசுமைக் குழு என்று ஒன்றும் அமைத்தார்கள், கலெக்டர் தலைமையில். பொது இடத்து மரங்களை வெட்டுவதற்கான விண்ணப்பங்கள் அங்கே போக வேண்டும், அதனால் உங்கள் தெரு மரத்துக்கு ஆபத்து என்றால் இன்றைய தேதியில் முதல் மனுவை அங்கே கொடுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஓர் இடத்தையே பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கலாம். நாட்டிலேயே முதன்முதலில் அப்படி அறிவிக்கப்பட்டது எது தெரியுமா, ஒரு புளியந்தோப்பு. பெங்களூரு விமான நிலையம் இருக்கிற தேவனஹள்ளிப் பக்கம் நல்லூரில், 50 ஏக்கருக்கு மேல், 2007-ல். தமிழ்நாட்டில் முதலாவது மதுரை அரிட்டாபட்டி, 2022-ல். இது தோப்புக்கும் மலைக்கும் சரி, தெருமுனையில் ஒற்றையாக நிற்கிற மரத்துக்கு இவ்வளவு பெரிய சட்டை பொருந்தாது, அதற்குத்தான் ஊர் அளவிலான துணைவிதி வேண்டும் என்கிறேன். ஆனால் அதே சட்டத்தில் எல்லா உள்ளாட்சிக்கும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழுவும், ஊரில் இருக்கிற மரம், செடி, உயிரினங்களை எழுதிவைக்கிற மக்கள் பல்லுயிர் பதிவேடும் உண்டு. உங்கள் நகராட்சியின் பதிவேட்டில் உங்கள் ஊர்ப் பெரிய மரங்கள் எழுதியிருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தாலும் நல்லதுதான், சேர்க்கச் சொல்லி அடுத்த மனு எழுத அந்தப் பதிலே ஆதாரம்.

நான் என் மனுவைப் பகுதி சபா கூட்டத்தில், அதாவது வார்டுக்குள் ஒரு பகுதி மக்களைக் கூட்டி நடத்துகிற கூட்டத்தில், கொடுத்தேன். அரசமரம், சுற்றளவு 4 மீட்டர் 10, நாலரை அடி உயரத்தில் அளந்தது, இரண்டு போட்டோ, டீக்கடை அண்ணன் உட்பட இருபத்தி மூன்று பேர் கையெழுத்து. வாங்கிக்கொண்டவர் பொறுமையாகப் படித்தார், படித்துவிட்டுக் கேட்டார், "மரத்துக்கு நம்பர் ஏதாச்சும் இருக்குங்களா?"

"இல்லைங்க, இது ஏலத்துக்குப் போற மரம் இல்ல."

கொஞ்ச நேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். அப்புறம் ரெஜிஸ்டரில் 'மாரியம்மன் கோயில் எதிரில், டீக்கடை பக்கம்' என்று எழுதி, அதற்கு நேராக வரிசை எண் 1 என்று போட்டார்.